அளவுகோலுக்குத் தப்பும் எலும்பு

சர்க்கரை நோய் எந்தெந்த உறுப்பைக் கெடுக்கும் என்று கேட்டால், நோய் வந்து நாளான எவரும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்: கண், சிறுநீரகம், நரம்பு, இதயம், கால். மருத்துவர்களும் இந்த வரிசையில்தான் ஆண்டுப் பரிசோதனையை நடத்துகிறார்கள். விழித்திரையைப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிறார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். எலும்பு இந்த வரிசையில் இல்லை. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒருவர் படுக்கையோடு கிடந்தால் அதை வயதின் கணக்கில் எழுதுகிறோம். குளியலறைத் தரையின் கணக்கில் எழுதுகிறோம். அவர் இருபது ஆண்டாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது, அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் தகவலோடு நின்றுவிடுகிறது. கடந்த கால் நூற்றாண்டில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு தவறு என்றே சொல்லவேண்டியிருக்கிறது. எலும்பு முறிவும் சர்க்கரை நோயின் பின்விளைவுகளில் ஒன்றுதான். அது இத்தனை காலம் கண்ணில் படாமல் போனதற்கு முக்கியக் காரணம், எலும்பை அளக்க நாம் வைத்திருக்கும் அளவுகோல் இந்த நோயாளிகளிடம் உண்மையைக் குறைத்துச் சொல்வதுதான்.

இது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் எண் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையோடு சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட 'இந்தியாப்' (INDIAB) என்ற ஆய்வு, 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. அதன் கணக்குப்படி 2021-இல் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம். மருத்துவம் முன்னேறியதால் இவர்களில் பலர் எழுபது, எண்பது வயதுவரை வாழ்கிறார்கள். அதாவது எலும்பு முறியும் வயதைச் சர்க்கரையோடு சேர்ந்தே எட்டுகிறார்கள். முந்தைய தலைமுறைக்கு அந்த வாய்ப்பு குறைவாகவே கிடைத்தது.

சர்க்கரைக்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் புதிதன்று. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1948-லேயே, நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை நோயாளிகளின் எலும்பு நலிவதைப் பற்றி எழுதினார். ஆனால் கேள்விக்கு எண்களோடு பதில் வந்தது 2007-இல்தான். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் வெஸ்டர்கார்ட் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கூட்டாய்வு செய்தார். முதல் வகைச் சர்க்கரை நோயில் இடுப்பெலும்பு முறியும் அபாயம் ஏறத்தாழ 7 மடங்கு. இரண்டாம் வகையில் 1.4 மடங்கு. அதே ஆண்டில் வேறொரு குழு தனியாகச் செய்த கூட்டாய்வில் இந்த எண்கள் முறையே 6.3, 1.7 என்று வந்தன. இரண்டு வகையிலும் அபாயம் கூடுகிறது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். வியப்பு வேறிடத்தில் இருந்தது. முதல் வகை நோயாளிகளின் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது, அது எதிர்பார்த்ததே. இரண்டாம் வகை நோயாளிகளின் எலும்பு அடர்த்தியோ, நோயில்லாத சம வயதினரைவிடக் கூடுதலாக இருந்தது. அடர்த்தி கூடிய எலும்பு ஏன் அதிகமாக முறிய வேண்டும்? அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அதன் பிறகான ஆராய்ச்சி முழுவதும் நடந்துவருகிறது.

எலும்பு அடர்த்தியைச் சொல்லும் டெக்சா ஸ்கேன் உண்மையில் எதை அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய எக்ஸ் கதிரை எலும்பின் வழியே செலுத்தி, எவ்வளவு கதிர் தடுக்கப்படுகிறது என்று பார்த்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் கனிமம் இருக்கிறது என்று அது கணக்கிடுகிறது. இளம் வயதினரின் சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அறிக்கையில் வரும் டி-ஸ்கோர். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. மூட்டுத் தேய்மானத்தையும் எலும்புப்புரையையும் நாம் ஒன்றாகச் சேர்த்து 'எலும்புத் தேய்மானம்' என்று சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு நோய்கள். ஸ்கேன் அளப்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமத்தை மட்டுமே. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. கான்கிரீட் தூணில் சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் உள்ள வேலை கனிமத்துக்கு. உள்ளே ஓடும் கம்பிக்கு உள்ள வேலை கொலாஜனுக்கு. தூணை எடைபோட்டுப் பார்த்து அது தாங்கும் என்று சான்றிதழ் தருவதைப் போன்றதுதான் அடர்த்தியை மட்டும் வைத்து எலும்பின் உறுதியைச் சொல்வது. பெரும்பாலானவர்களிடம் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வருகிறது, ஏனென்றால் அவர்களிடம் கம்பி நன்றாக இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளிடம் அந்தக் கணக்கு எவ்வளவு தவறுகிறது என்பதை 2011-இல் ஆன் ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு காட்டியது. அமெரிக்காவில் முதியோரை நெடுநாள் தொடர்ந்து கவனித்த மூன்று பெரிய ஆய்வுகளின் தரவுகளை அவர்கள் ஒன்றுசேர்த்தார்கள். 9,449 பெண்கள், 7,436 ஆண்கள். ஒரே வயது, ஒரே டி-ஸ்கோர் உள்ள இருவரில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவருக்கே இடுப்பெலும்பு முறியும் அபாயம் கூடுதல் என்று அது உறுதிசெய்தது. பெண்களிடம் அந்த வேறுபாடு டி-ஸ்கோரில் சுமார் 0.6, ஆண்களிடம் 0.4. எளிதாகச் சொன்னால், சர்க்கரை உள்ள ஒரு பெண்ணின் அறிக்கையில் மைனஸ் 1.9 என்று இருந்தால், அதை மைனஸ் 2.5 என்று படிக்க வேண்டும். 'பரவாயில்லை' என்று மடித்து வைக்கும் அறிக்கை, மருந்து தொடங்கவேண்டிய அறிக்கையாகிவிடுகிறது. எலும்பு முறிவின் அபாயத்தைக் கணக்கிட 2008 முதல் உலகெங்கும் பயன்படும் ஃப்ராக்ஸ் கணிப்பானிலும் இதே குறை உண்டு. முடக்குவாதத்துக்குக் கட்டம் இருக்கிறது, ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டம் இருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு மூலக் கணிப்பானில் கட்டம் இல்லை.

கம்பிக்கு என்ன ஆகிறது? இங்கேதான் நோயின் உள்வேலை தெரிகிறது. தோசைக்கல்லில் தோசை சிவப்பதும் ரொட்டியின் மேல்தோல் பழுப்பேறுவதும் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வேதிவினையால். பிரெஞ்சு வேதியியலர் லூயி மயார் அதை 1912-இல் விவரித்தார். அதே வினை சூடு இல்லாமல், மெதுவாக, நம் உடம்பிலும் நடக்கிறது. நாம் மூன்று மாதச் சராசரி என்று எடுக்கும் எச்பிஏ1சி சோதனை, சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதோடு ஒட்டிய சர்க்கரையும் போய்விடும். எலும்பின் கொலாஜனுக்கு ஆயுள் ஆண்டுக்கணக்கில். அதில் ஒட்டிய சர்க்கரை படிப்படியாக உருமாறி, பென்டோசிடின் போன்ற பொருள்களாகி, பக்கத்துப் பக்கத்து இழைகளைத் தாறுமாறாகப் பிணைத்துவிடுகிறது. இயல்பான கொலாஜனிலும் பிணைப்புகள் உண்டு. அவை உடல் திட்டமிட்டு இடம்பார்த்துப் போடும் முடிச்சுகள். சர்க்கரை போடும் முடிச்சு கண்ட இடத்தில் விழுகிறது. பச்சைக் குச்சியை வளைத்தால் வளையும், காய்ந்த சுள்ளி ஒடியும். ஆள் விழும்போது எலும்பு அதிர்ச்சியைக் கொஞ்சம் வளைந்து வாங்கிக்கொள்ளும் அந்தத் தன்மையைத்தான் இந்த முடிச்சுகள் பறிக்கின்றன. கனிமம் அப்படியே இருப்பதால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எலும்பு உயிருள்ள திசு. பழைய பகுதியைச் சில செல்கள் அரித்தெடுக்க, வேறு சில செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. வளர்ந்தவர்களின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. நடக்கும்போதும் சுமக்கும்போதும் எலும்பில் விழும் நுண்ணிய கீறல்கள் சரியாவது இந்தப் பராமரிப்பு வேலையால்தான். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்த வேலை மந்தமாகிறது. எலும்பு கட்டுவதை அடக்கும் ஸ்க்ளிரோஸ்டின் என்ற புரதம் இவர்களின் இரத்தத்தில் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. கட்டுமானத்தைக் காட்டும் ஆஸ்டியோகால்சின் குறைவாக இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் எலும்புப்புரையில் அரிப்பு மிகுந்து அடர்த்தி குறைகிறது. இங்கே அரிப்பும் குறைவு, கட்டுமானமும் குறைவு. எனவே அடர்த்தி குறையாது. ஆனால் பழைய, கீறல் விழுந்த, சர்க்கரை பிணைத்த எலும்பு மாற்றப்படாமல் அங்கேயே தங்குகிறது. நுண்துல்லிய சி.டி. கருவியில் பார்த்தபோது சில நோயாளிகளின் எலும்பு ஓட்டில் துளைகள் மிகுந்திருந்ததும் தெரியவந்தது. கனடாவின் மனிடோபாவில் 29,000-க்கும் மேற்பட்ட பெண்களின் ஸ்கேன்களை மறுபடி ஆராய்ந்தபோது, சர்க்கரை உள்ளவர்களின் முதுகெலும்பு அடர்த்தி கூடுதலாகவும், அதன் உள்ளமைப்பைக் குறிக்கும் மதிப்பெண் குறைவாகவும் இருந்தது. ஒரே படத்திலிருந்து எடுத்த இரண்டு அளவுகள் எதிரெதிர்த் திசையில் பேசின.

முதல் வகை நோயின் கதை வேறு. பெரும்பாலும் சிறு வயதில், எலும்பு வளரும் பருவத்தில் அது வருகிறது. இன்சுலின் எலும்பை வளர்க்கும் ஹார்மோன்களில் ஒன்று. அது இல்லாத உடலில் எலும்பு தன் உச்ச அளவை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. அங்கே அடர்த்தியும் குறைவு, தரமும் குறைவு. அதனால்தான் அபாயம் அத்தனை மடங்காக ஏறுகிறது. அந்த நோயாளிகளுக்கு எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. விவாதம் எல்லாம் இரண்டாம் வகையில்தான், நம் நாட்டில் மிகப் பெரும்பாலானோருக்கு இருப்பதும் அதுதான்.

விவாதத்தின் முதல் எதிர்வாதம் வலுவானது. எலும்பின் மேல் ஏன் பழி போடவேண்டும், சர்க்கரை நோயாளிகள் அதிகமாக விழுகிறார்கள், அவ்வளவுதானே என்று அது கேட்கிறது. விழுவதற்குக் காரணங்கள் ஏராளம். கால் மரத்துப்போனவருக்குச் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. தரை எங்கே என்பதை அவர் பாதம் சொல்லாது. விழித்திரை கெட்டவருக்கு மாலை வெளிச்சத்தில் படி தெரியாது. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழவேண்டும். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். இன்சுலின் போட்டுச் சாப்பிடத் தாமதமானால் லோ சுகர். அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காக இருந்தது.

இந்த வாதத்துக்கு 2024-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து பெரிய ஆதரவு கிடைத்தது. 75 முதல் 80 வயதுவரையுள்ள 3,008 பெண்களை அங்கே மிக நுட்பமாகப் பரிசோதித்தார்கள். அவர்களில் 294 பேருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். அந்த 294 பேரின் எலும்பு அடர்த்தி கூடுதல். நுண்ணமைப்பும் நன்றாகவே இருந்தது. எலும்பின் மேற்பரப்பில் நுண்ணிய ஊசியை அழுத்தி அதன் உறுதியை நேரடியாக அளந்தபோதும் வேறுபாடு இல்லை. ஆனாலும் அவர்களின் எலும்பு முறியும் அபாயம் 1.26 மடங்கு. குறைந்திருந்தது என்னவென்றால் உடலின் இயக்கத் திறன்: தசை பலம், நடை, எழுந்து நிற்பது. எலும்பைவிட ஆளின் தடுமாற்றமே காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு அந்த ஆய்வாளர்கள் வந்தார்கள். அதற்குப் பத்தாண்டுக்கு முன் அமெரிக்காவில் இதே ஊசிச் சோதனையை 60 பெண்களிடம் செய்தபோது சர்க்கரை உள்ளவர்களின் எலும்பு தெளிவாகப் பலவீனமாக இருந்தது. முந்தைய பத்தாண்டின் சராசரி எச்பிஏ1சி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பலவீனம் என்ற தொடர்பும் கிடைத்தது. அறுபது பேரையும் மூவாயிரம் பேரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொலாஜன் பிணைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில ஆண்டுகளுக்கு முன் எழுதியவர்கள் கொஞ்சம் பின்வாங்கவேண்டிய இடம் இது.

ஆனால் முழுவதும் பின்வாங்க முடியாது. அமெரிக்காவில் 93,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஏழு ஆண்டு தொடர்ந்த பெண்கள் நல ஆய்வில், அடிக்கடி விழுவதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், சர்க்கரை உள்ளவர்களின் முறிவு அபாயம் 1.2 மடங்காக மிஞ்சியது. விழுதல் முழு விடையாக இருந்தால் அந்த மிச்சம் இருக்கக் கூடாது. அதோடு எண்பதை நெருங்கும்வரை நலமாக வாழ்ந்து, ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோகக்கூடிய ஸ்வீடன் பெண்களின் சர்க்கரை, பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை என்பதையும் நினைக்க வேண்டும். இருபது ஆண்டு கட்டுப்படாமல் கிடந்த உடலுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. என் மதிப்பீட்டில், இரண்டு தரப்பும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் நிற்கின்றன. நரம்பைக் கெடுத்து ஆளை விழச்செய்வதும் சர்க்கரைதான்; சிலரிடம் எலும்பைச் சுள்ளியாக்குவதும் சர்க்கரைதான். விழுதலே காரணம் என்று நிறுவினால், சர்க்கரை நோய்க்கும் முறிவுக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது. தொடர்பு தசை, நரம்பு வழியாகவும் ஓடுகிறது என்றுதான் ஆகும். டெக்சா ஸ்கேனில் அந்த வழியும் தெரியாது.

இரண்டாவது எதிர்வாதம் எண்ணைப் பற்றியது. ஒன்றேகால், ஒன்றரை மடங்கு என்பது சிறிய கூடுதல். அதற்காக இவ்வளவு கவலை வேண்டுமா? ஸ்வீடனில் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரண்டாம் வகை நோயாளிகளை நோயில்லாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு, சராசரியில் அபாயம் மிகச் சிறிதளவே கூடுகிறது என்று காட்டியது. அந்த ஆய்வின் மதிப்பே அது சராசரியோடு நிற்காததில்தான் இருக்கிறது. யாருக்கு முறிகிறது என்று அது பிரித்துப் பார்த்தது: உடல் எடை குறைவானவர்கள், நோய் வந்து 15 ஆண்டு தாண்டியவர்கள், இன்சுலின் தேவைப்படுபவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள். நேற்று நோய் தெரியவந்த, சற்றுப் பருமனான ஐம்பது வயதுக்காரரையும் இந்த நால்வகையினரையும் கலந்து சராசரி எடுத்தால் அபாயம் கரைந்துவிடத்தான் செய்யும். மனிடோபா ஆய்வுகளும் நோயின் தொடக்க ஆண்டுகளில் அபாயம் குறைவாகவும் பின்னர் கூடுவதாகவும் கண்டன.

உடல் எடையைப் பற்றிய அந்த முடிவு நமக்கு நெருக்கமானது. பருமனானவர்களுக்கு எடையைத் தாங்கித் தாங்கியே எலும்பு அடர்த்தி கூடுகிறது. விழுந்தால் இடுப்பைச் சுற்றியுள்ள சதை மெத்தையாகிறது. மேற்கத்திய நோயாளிகளுக்கு இந்தப் பாதுகாப்பு ஓரளவு கிடைக்கிறது. நம்மில் பலர் ஒல்லியாக இருந்தபடியே சர்க்கரை நோய்க்கு ஆளாகிறோம். புணேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் இதழில் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3 என்று ஒரே அளவு. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். கொழுப்பு கூடி, தசை குறைந்த இந்த உடலமைப்பு, நோயை மட்டும் சீக்கிரம் வரவழைத்து, எடையின் பாதுகாப்பைத் தருவதில்லை. நோய் நமக்கு இளம் வயதிலேயே வருவதால், அறுபது வயதில் இருபது ஆண்டு நோயை முடித்திருக்கிறோம். ஐரோப்பியச் சராசரியை எடுத்து நமக்கு அபாயம் குறைவு என்று ஆறுதல் கொள்வதற்கு அடிப்படை இல்லை.

சரி, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் எலும்பு தப்புமா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல ஆசையாக இருக்கும். சான்று அதற்கு இடம் தரவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் எச்பிஏ1சி 7.5-ஐத் தாண்டியவர்களுக்கு முறிவு அபாயம் தெளிவாகக் கூடியது. தைவானின் முதிய நோயாளிகளிடம் 9-ஐத் தாண்டியபோது இடுப்பெலும்பு முறிவு கூடியது. ஆனால் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே இறக்க முயன்ற அக்கார்டு ஆய்வில், மிதமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களைவிட முறிவு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. சிலர் இதை வைத்துச் சர்க்கரைக்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறார்கள். அந்த ஆய்வு நோயாளிகளைக் கவனித்தது சராசரியாக நான்கு ஆண்டுக்கும் குறைவாக. பத்தாண்டுக்கணக்கில் கொலாஜனில் விழுந்த முடிச்சை நான்கு ஆண்டில் அவிழ்க்க எந்த வழியும் இல்லை. மிதமான பிரிவிலும் எச்பிஏ1சி 7-க்கும் 8-க்கும் இடையில்தான் இருந்தது. கட்டுப்பாடே இல்லாதவர்கள் அதில் இல்லை. ஆகவே இரண்டு முடிவுகள் நியாயமானவை. எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறவிடுவது எலும்புக்குக் கெடுதி. ஏழிலிருந்து ஆறுக்கு இறக்கத் துரத்துவதால் எலும்புக்கு ஆதாயம் இல்லை; முதியவர்களுக்கு அது லோ சுகரையும் அதனால் விழுவதையும் கொண்டுவரக்கூடும்.

சர்க்கரை மருந்துகளில் ஒரு வகையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரோசிகிளிட்டசோன், பையோகிளிட்டசோன் ஆகிய மாத்திரைகள், எலும்பு மஜ்ஜையில் எலும்புச் செல்லாக வேண்டிய மூலச் செல்லைக் கொழுப்புச் செல்லாகத் திருப்பிவிடுகின்றன. அடாப்ட் என்ற பெரிய ஆய்வில் ரோசிகிளிட்டசோன் சாப்பிட்ட பெண்களில் 9.3 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களில் 5.1 சதவீதம், கிளைபுரைடு சாப்பிட்டவர்களில் 3.5 சதவீதம். 2009-இல் பத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பெண்களிடம் அபாயம் இரு மடங்குக்கு மேல் கூடியதும் ஆண்களிடம் கூடாததும் தெரிந்தது. ரோசிகிளிட்டசோன் இந்தியாவில் 2010-இல் தடைசெய்யப்பட்டது, இதய நோய் அச்சத்தால். பையோகிளிட்டசோன் 2013 ஜூனில் நிறுத்தப்பட்டு ஜூலையிலேயே திரும்ப வந்தது. அப்போது நடந்த பேச்செல்லாம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பற்றி. மிக அரிதான அந்தப் புற்றுநோயைவிட, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு முறிவே அன்றாடம் நெருங்கிய ஆபத்து. விலை குறைவு, பலன் நன்று என்பதால் இந்த மாத்திரை இங்கே பரவலாக எழுதப்படுகிறது. எலும்பு பலவீனமான பெண்களுக்கு அதை எழுதக் கூடாது என்பதே என் கருத்து. மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். கானாகிளிஃப்லோசின் என்ற வேறொரு சர்க்கரை மருந்தால் எலும்பு முறியலாம் என்று ஒரு பெரிய ஆய்வு எச்சரித்தது, 2019-இல் வந்த இன்னொன்று அந்த அச்சத்தை உறுதிசெய்யவில்லை. மெட்ஃபார்மினால் எலும்புக்குத் தீங்கு இல்லை.

எலும்புப்புரைக்கான மருந்துகள் சர்க்கரை நோயாளிகளிடம் வேலைசெய்யுமா என்பது நியாயமான ஐயம். எலும்பின் புதுப்பிப்பு ஏற்கெனவே மந்தம்; அரிப்பை இன்னும் அடக்கும் மருந்து கெடுதல் செய்யாதா? அச்சம் தர்க்கப்படி சரி, சான்றுப்படி சரியில்லை. பல மருந்து ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றுசேர்த்து 2022-இல் வெளிவந்த பகுப்பாய்வு, அரிப்பை அடக்கும் மருந்துகள் சர்க்கரை நோயாளிகளிடமும் மற்றவர்களுக்கு நிகராகவே முறிவைக் குறைக்கின்றன என்று காட்டியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் தன் 2024 வழிகாட்டியில் எலும்புக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, முதிய சர்க்கரை நோயாளிகளுக்கு மைனஸ் 2.5 வரை காத்திருக்காமல் மைனஸ் 2.0-லேயே மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அளவுகோல் பிழையாகப் பேசுகிறது என்பதை ஒப்புக்கொண்டு அதைத் திருத்திப் படிக்கும் முறை இது. வைட்டமின் டி குறைபாடு நம்மிடம் மிகப் பரவலாக இருப்பதால் அதைச் சரிசெய்வது அவசியம். ஆனால் அந்த மாத்திரை மட்டுமே எலும்பைக் காத்துவிடும் என்று நம்பக் கூடாது. குறைபாடு இருக்கிறதா என்று பாராமல் 25,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த அமெரிக்க ஆய்வில் அது முறிவைக் குறைக்கவில்லை.

மருந்துக்கு நிகராக எடுத்துவைக்க வேண்டியது தசை. விழுவது பாதிக் காரணம் என்றால், விழாமல் இருப்பது பாதி மருத்துவம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, நடைப்பயிற்சியோடு கொஞ்சம் எடை தூக்குவது, வீட்டில் குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி. இவற்றுக்கு ஸ்கேன் வேண்டாம், நகர மருத்துவமனை வேண்டாம். டெக்சா கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால் இதைக் கூடுதலாக வற்புறுத்த வேண்டியிருக்கிறது. கருவி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாதத்தைப் பரிசோதிக்கும்போதே, ஆள் எழுந்து நடப்பதை அரை நிமிடம் பார்க்கலாம், உயரத்தை அளந்து அட்டையில் எழுதலாம். முதுகெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை வலியால் அடையாளம் காணப்படுவதில்லை; வயசாகிவிட்டது, கூன் விழுந்துவிட்டது என்று போய்விடுகிறது. மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரம் குறைந்திருப்பது அதற்குச் சாட்சி. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பதையும், சர்க்கரை உள்ளவர்களின் எலும்பு கூடுவதற்குத் தாமதமாகிறது, அறுவைப் புண்ணில் சீழ் பிடிப்பது கூடுதல் என்பதையும் சேர்த்து நினைத்தால், முறிந்த பிறகு செய்யும் வைத்தியத்தைவிட முறியும் முன் செலவிடும் அரை நிமிடம் எவ்வளவு மலிவு என்று புரியும்.

உங்கள் வீட்டில் பத்து ஆண்டுக்கு மேல் சர்க்கரையோடு இருக்கும் பெரியவர் இருந்தால், அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது இரத்த அறிக்கையோடு மூன்று செய்திகளையும் கொண்டுபோங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார், ஐம்பது வயதுக்கு மேல் எந்த எலும்பாவது முறிந்ததா, முன்பிருந்த உயரம் குறைந்திருக்கிறதா. டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.